தேவையா, ஆசையா

— அதெல்லாம் இருக்கட்டும். குடை தேவையா, ஆசையா? அதை மட்டும் சொல்லு.

— மழை பெய்யுதுங்க.

— மழை எனக்கும்தான் பெய்யுது. வீட்ல ஏற்கெனவே ஒரு குடை இருக்கா, இல்லையா?

— இருக்கு. ரெண்டு கம்பி ஒடிஞ்சு தொங்குது. கடைக்குப் போய்ச் சேரறதுக்குள்ள பாதி உடம்பு நனைஞ்சுடுது. ஈரத் துணியோட நின்னுதான் வர்றவங்களுக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டி விடறேன்.

— அப்ப பாதி தேவை, பாதி ஆசை.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல, கணக்குப்படி சொல்றேன். காசை மிச்சம் பிடிக்கச் சொல்லித் தர்ற அந்த யூடியூப் வீடியோக்காரர் என்ன சொல்றாரு? கையை விட்டுப் போற ஒவ்வொரு காசையும் நிறுத்தி வெச்சு இந்தக் கேள்வியைக் கேளுங்கறாரு. கேட்டோம். இன்னைக்கு நமக்கு ஒரு பைசா கடன் இருக்கா?

— இல்ல. பல் வலிக்கு மாத்திரை போட்டே காலத்தை ஓட்டினேன். பல்லு போயிடுச்சு. கடன் இல்ல.

— பல்லு போனதுல பேஸ்ட் மிச்சம்... சரி சரி, முறைக்காதே. விளையாட்டுக்குச் சொன்னேன்.

— என் சம்பளத்துல கொஞ்சம் எடுக்கணும்னு கேட்டேனே, அதுக்குப் பதில் சொல்லுங்க.

— எங்க இருந்து எடுக்கறது? வந்த அன்னைக்கே டெபாசிட்டுக்குப் போயிடுது. அதோட அழகே அதான். கண்ணுல பட்டா செலவாயிடும்னுதானே பூட்டி வெக்கறோம்?

— என் காசு என் கண்ணுல படக்கூடாது.

— ஒரு குடைக்கா இவ்வளவு பேச்சு?

— குடைக்கு மட்டும் இல்லைங்க. ஒரு அட்வான்ஸ் குடுக்கணும். கடைக்குப் பின்னாடி தெருவுல, நாங்க பார்த்து வெச்சிருக்கற...

— என்ன நிறுத்திட்டே?

— ஒண்ணுமில்ல.

— நாங்களா? என்கிட்டயே பேசிக்கிட்டு ‘நாம’ன்னு வராம ‘நாங்க’ன்னு வருது. நாங்கன்னா யாரு? அதுல நான் இல்லையா?

— வாய் தவறி வந்துடுச்சு. ஆனா பொய் இல்ல. நானும் பாப்பாவும்.

— பாப்பாவுக்குத் தெரியுமா?

— ரூம் பார்க்க அவளும்தான் வந்தா.

— என்ன சொன்னா?

— ஜன்னல் சின்னதா இருக்குன்னா. அப்புறம் வழி பூரா விரலை மடக்கி எதையோ எண்ணிக்கிட்டே வந்தா.

— குடிக்கறேனா நான்? அடிக்கறேனா? வேற எங்கயாவது போறேனா?

— இல்லைங்க. அதனாலதான் யார்கிட்டயும் சொல்லக்கூட முடியல. என் வீட்டுக்காரர் குடை வேணுமான்னு கேள்வி கேக்கறாருன்னு சொன்னா, காறித் துப்புவாங்க.

— சரி. போறது தேவையா, ஆசையா?

— மூச்சு விடறது எதுலங்க சேரும்? லிஃப்ட் மெக்கானிக்னு ஊர்ல எந்த லிஃப்ட்ல யாரு மாட்டினாலும் நீங்கதான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து விடறீங்க.

— பேச்சை மாத்தாதே. கணக்குப்படி பாரு. உன் சம்பளம் ஒண்ணு. அதுல பாதி வாடகை. மிச்சத்துல அவ காலேஜ் ஃபீஸ், பஸ், ரெண்டு வயிறு. மூணாவது வாரம் என்ன பண்ணுவே? யார்கிட்ட கை நீட்டுவே?

— டெபாசிட்டை உடைக்கலாமே.

— அது ரெண்டு பேர் பேர்ல இருக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நான் போட மாட்டேன். கோபத்துல சொல்லல. அது பாப்பா படிப்புக்கு.

— அப்ப நான் இங்கயேதான் கிடக்கணும்.

— நான் தடுக்கலம்மா. தாராளமாப் போ. கணக்குதான் தடுக்குது.

— அடுத்த மாசத்துல இருந்து சம்பளத்தை நானே கையில வாங்கிக்கறேன்.

— வாங்கிக்கோயேன். வாங்கினாலும் பத்தாதுன்னுதானே இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டிருக்கேன். நீயே சொல்லு, பத்துமா?

— ...பத்தாது.

— ஆங். அவ்வளவுதான் விஷயம். போய்க் காபி போடு, ரெண்டு பேரும் குடிப்போம்.

— இருங்க. கதவுகிட்ட யாரு? பாப்பா, நீ படிச்சுக்கிட்டுல்ல இருந்தே?

— உங்க குரல்தான் அங்க வரைக்கும் வருதேம்மா.

— உள்ள போ கண்ணு. நாங்க சும்மா பேசிக்கிட்டிருக்கோம்.

— அப்பா சொல்ற கணக்கு சரிதான்மா. அந்த ரூமைப் பார்த்துட்டு வந்ததுல இருந்து நானும் போட்டுப் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். இடிக்குது.

— பார்த்தியா? அவளே சொல்றா. என் பொண்ணுடி.

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்கப்பா. அம்மா, அந்த வீட்டுக்காரம்மா அட்வான்ஸை மாசாமாசம் குடுத்தாப் போதும்னாங்கல்ல?

— அது ஆச்சு. மிச்சத்துக்கு எங்க போறது?

— மிச்சம்னு நீ சொல்றது என் ஃபீஸ், என் பஸ், என் சாப்பாடு.

— அதுக்கு? அதை எப்படி விட முடியும்?

— அம்மா, நான் இங்கயே அப்பாகிட்ட இருக்கேன்னு வெச்சு, என்னைக் கழிச்சுட்டு ஒரு தடவை போட்டுப் பாரேன்.