வீட்டுக் கரண்டில் ஓடும் வாள்

பட்டை வாள் மெசின் வாங்கப் போகிறவர்கள் பெயின்றைப் பார்த்துத்தான் ஏமாறுவார்கள். வெளியே பச்சைப் பெயின்ற் பளபளவென்றிருக்கும், உள்ளே சில்லு கோணலாகச் சுற்றும். நீங்கள் தச்சு வேலை பழகாதவர் என்று தெரிகிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். சக்கரம்போல மேலே ஒரு சில்லு, கீழே ஒரு சில்லு. இரண்டையும் சுற்றி மெல்லிய வாள் ஒன்று நாடாவைப்போல ஓடிக்கொண்டே இருக்கும். மரத்தில் வளைவு அறுக்க அதைவிட நல்ல மெசின் கிடையாது. நீங்கள் அல்பிரட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அல்பிரட்டின் கதை அந்த மெசினில்தான் தொடங்குகிறது, ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தவராசா. பாலையூற்றில் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டுத் தளபாடம் செய்கிறவன். அல்பிரட் என் கூட்டாளி, பக்கத்து ஒழுங்கையில் குடியிருந்தவன். என்னைவிட இளையவன் என்பதால் அண்ணை என்றுதான் கூப்பிடுவான். வெளியே மரத்தடியில் கதிரை போட்டு இருக்கிறாளே இன்பமலர், அவனுடைய மனைவி, அவள்தான் என்னை இங்கே கூட்டிவந்தவள். “அண்ணை, காணாமல் போன ஆக்களைப் பற்றி விசாரிக்க வந்திருக்கினம். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு ஒருத்தருக்கும் தெரியாது, வந்து சொல்லுங்கோ” என்றாள். அவள் சொன்னது உண்மை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு எங்கள் பழைய மெசின் செத்துப் போனது. நாங்கள் செய்த ஆடுகதிரைக்குக் கிண்ணியா வரைக்கும் பெயர் இருந்தது. முன்னும் பின்னும் ஆடுவதற்காக அதன் அடிக்கட்டை முழுவதும் வளைவு, கைவாளால் அறுத்தால் தோள் கழன்றுவிடும். புதிதாக எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் கதைத்தோம். எனக்கு வார்ப்பிரும்புச் சில்லு வைத்த பெரிய மெசின்தான் வேண்டும். அது மூன்று பேஸ் கரண்டில் ஓடுவது. எங்கள் பக்கத்தில் மூன்று பேஸ் லைன் இழுத்த கொட்டில் என்னுடையது மட்டும்தான், அதில் எனக்குப் பெருமை இருந்ததை மறைக்கவில்லை. மற்ற வீடுகளுக்கெல்லாம் லைற் எரிய ஒற்றை லைன். அல்பிரட் சின்ன மெசின் போதும் என்றான். அது விளையாட்டுச் சாமான் செய்கிறவனுக்கு என்று நான் ஏசினேன். கடைசியில் “சரி அண்ணை, உங்கட விருப்பம்” என்று சிரித்தான்.

மெசின் வாங்கக் கொழும்புக்கு நான் போக ஏலாது. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் வெருகல் என்று இருக்கிறது, அது அப்போது இயக்கம் நின்ற பக்கம். அந்தப் பெயரைக் கண்டால் ஒவ்வொரு தடை முகாமிலும் இறக்கி வைத்துவிடுவார்கள். அல்பிரட் ரவுணில் பிறந்தவன், வேதக் கோயில் சுவாமியாரிடம் கடிதமும் வாங்கியிருந்தான். அவன் போவதென்று முடிவானது. புறப்படுவதற்கு முன் நான் பழுப்புத் தாளில் ஆடுகதிரையின் அடிக்கட்டையை முழு அளவில் வரைந்து கொடுத்தேன். அந்த வளைவு மெசின் மேசையில் இடிக்காமல் திரும்புகிறதா என்று வைத்துப் பார்த்தபிறகுதான் எதையும் வாங்க வேண்டும் என்று சொன்னேன். அவன் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்தான்.

குணரத்தினத்தின் கொமினிகேசன் கடைக்குத்தான் எல்லோருக்கும் போன் வரும். அல்பிரட் மெசினைப் பார்த்துவிட்டு எடுப்பான் என்று அங்கே காத்திருந்தேன். எடுத்தான். ஆனால் என்னைக் கேட்கவில்லை, இன்பமலரைக் கூப்பிடச் சொன்னான். அவள் வந்து போன் கூண்டுக்குள் நின்று கதைத்தாள். பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தது அவளுக்குத் தெரியாது.

“சின்ன மெசினோ? ஓம், வீட்டுக் கரண்டில ஓடுமெண்டா நல்லதுதானே. இல்லையில்லை, அண்ணைக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்களே வந்து சொல்லுங்கோ.”

நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டுக் கரண்டில் ஓடும் மெசின் என் கொட்டிலுக்கு எதற்கு? ஒற்றை லைன் இருப்பது அவனுடைய வீட்டில். தனியாகத் தொழில் தொடங்கப் போகிறான், என் ஆடுகதிரையைத் தன் வீட்டில் வைத்துச் செய்யப் போகிறான் என்று விளங்கியது. அவன் மகள் சீலாவுக்குத் தொட்டில் செய்து கொடுத்தவன் நான். என் தாய் செத்தபோது பாடை கட்டியவன் அவன். அப்படிப்பட்டவன் முதுகில் குத்தினால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

மறுநாள் காலையில் ஆமிக் காவலரணுக்குப் போனேன். அங்கே ஓர் அதிகாரிக்கு நான் மேசை செய்து கொடுத்திருந்தேன், எனக்குச் சிங்களமும் வரும். எங்கள் ஆள் ஒருவன் கொழும்பில் இன்ன லொட்ஜில் நிற்கிறான், மெசின் பார்க்கிறான், சட்டைக்குள் ஒரு படம் வைத்திருக்கிறான் என்றேன். என்ன படம் என்று கேட்டார். படகு மாதிரி இருக்கும் என்றேன். நான் பொய் சொல்லவில்லை, மாதிரி என்றுதான் சொன்னேன். வளைவு வளைவுதானே. இயக்கம் கடலில் படகு விட்டு ஆமியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம், அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணி தந்தார், குடித்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாள் உள்ளே வைத்துவிட்டு விடுவார்கள், தலைகுனிந்து வருவான் என்றுதான் நினைத்தேன். லொட்ஜில் அவனைப் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்தது. இன்பமலர் என் வீட்டுக்குத்தான் ஓடிவந்தாள்.

அதற்கு அடுத்த நாள் கிண்ணியா ஜமால்தீனின் லொறி என் வாசலில் நின்றது. பின்னால் சாக்குச் சுற்றிய மெசின். அல்பிரட் வீடு அந்த ஒழுங்கையில் என்று கையைக் காட்டினேன்.

“இல்லை தவராசாண்ணை, உங்கட கொட்டில்லதான் இறக்கச் சொல்லி அல்பிரட் ஏத்திவிட்டவர். அடுத்த நாள்தான் ஆளைப் பிடிச்சிருக்கிறாங்கள்.”

“இது ஏன் சின்னன்?” என்று கேட்டேன்.

“உங்கட மூண்டு பேஸ் லைன் இப்ப ஒழுங்கா வாறேல்லயாம். சண்டையில ஒரு கம்பி அறுந்தாலும் பெரிய மோட்டர் எரிஞ்சுபோமாம். இது ஒத்தை லைன் இருந்தாலே ஓடும், கரண்டே இல்லாட்டி என்ர ஜெனரேட்டரிலயும் ஓடுமாம். போனில சொன்னா அண்ணை ஏசுவார், மெசின் ஓடுறதைக் கண்டா விளங்கும் எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னவர்.”

எனக்கு விளங்கியது. அப்போதே காவலரணுக்குப் போய், அது ஆடுகதிரையின் படம், வரைந்தவன் நான் என்று சொல்லியிருக்கலாம். அப்போது அவன் உயிரோடுதான் இருந்திருப்பான். ஆனால் முன்பு ஏன் படகு என்றாய் என்று அவர் கேட்பார். நாளைக்கு யோசித்துப் போவோம் என்று நினைத்தேன். இறக்கிய மெசினை அப்படியே விடவும் முடியாது, ஈரம் பட்டால் துருப் பிடிக்கும். மட்டம் பார்த்து நிறுத்தினேன். சில்லு கோணலில்லாமல் சுற்றியது. நல்ல மெசின்தான் தேடியிருந்தான்.

அந்த நாளை வரவில்லை. பிறகு இன்பமலரோடு முகாம் முகாமாக நானும் அலைந்தேன், அவளுக்காகச் சிங்களத்தில் கதைத்ததும் நான்தான். புது மெசினில் அறுத்த முதல் ஆடுகதிரையை அவளுக்கே கொடுத்தேன். இன்றுவரை அதில் ஒருவரையும் இருக்க விடமாட்டாள், அவர் வந்து இருக்கட்டும் என்பாள்.

எழுதிக்கொள்ளுங்கள். அல்பிரட்டைக் காட்டிக்கொடுத்தவன் நான், வேறு ஒருவரும் இல்லை. இன்பமலரை உள்ளே கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள், அவள் அழுவதைப் பார்க்க எனக்கு ஏலாது. அதோடு இதையும் சொல்லிவிடுங்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் அந்த மெசினை வாங்கினானே, அந்தக் கோபம் இப்போது எனக்கு இல்லை. அல்பிரட்டை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.