சின்னத் தொட்டிக்கும் அதே மோட்டாரு

அங்கன வேண்டாம் தம்பி. அந்த மூலையில தொட்டியப் போடாத. இங்கன, மாடிப்படி வாசலுக்கு இடப்பக்கமா, சுவத்தோட ஒட்டிப் போடு. என்னது, வெயிலு அடிக்குமா? அடிக்கட்டும். பாசி புடிக்குமா? புடிச்சா வழிச்சிக்கிடுதேன். போக வர எடைஞ்சலாயிருக்கும்ங்கியா? இந்த வீட்டுல போக வர யாரு இருக்கா? நானும் எங்க மாமனாருந்தான். நீ தூத்துக்குடியிலருந்து வந்தது மீன எடம் மாத்த. வீட்டுக்கு வாஸ்து பாக்கவா வந்தே?

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. எனக்குப் பேச்சே அப்பிடித்தான். எங்க வீட்ல அவியளே சொல்லுவாவ, ஏட்டி பாண்டிச்செல்வி, ஒனக்கு நாக்கா அருவாளான்னு. மெதுவா வேல பாரு, சத்தம் வேண்டாம். மாமா உள்ள படுத்திருக்காரு. மத்தியானம் சோத்தத் தின்னு, மாத்திரையப் போட்டாருன்னா வெயில் தாழத்தான் எந்திரிப்பாரு. அதுக்குள்ள முடிச்சிரணும், என்ன?

கேன் எல்லாத்துலயும் பழைய தண்ணியத்தான புடிச்சிருக்கே? நல்லது. பழைய தண்ணி இல்லாம மீன எடம் மாத்துனா தாங்காதுன்னு அவிய சொல்லுவாவ. நீ என்ன பாக்கே, எனக்கும் கொஞ்சம் தெரியும். எத்தன வருசம் அவிய பக்கத்துல நின்னு டார்ச் லைட்டு புடிச்சிருக்கேன்! கோவில்பட்டியில குழாத் தண்ணி என்னைக்கு வரும்னு நாங்க கொடத்த வச்சிக்கிட்டுத் தவங்கெடக்கோம், இவிய கேன் கேனா கடத்தண்ணியக் கொண்டாந்து மாடியில ஊத்துனாவ. தெருவே சிரிச்சிது. சிரிச்சவன் எல்லாம் பெறவு பிள்ளையளக் கூட்டிக்கிட்டு வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னான். பசுவந்தனையிலருந்து எங்க அண்ணன் வந்தான் பாரு, அரை மணி நேரம் குனிஞ்சி பாத்துட்டு, இதுல எது கொழம்புக்கு ஆகும்னு கேட்டான். அவிய அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே... கப்பல்ல பத்து வருசம் வேல பாத்த மனுசன். கடல விட்டுட்டு வந்தாலும் கடல் அவியள விடல.

அந்தப் பவளக் கல்லா? வெள்ளையாக் கெடக்கே, அதக் கேக்கியா? அது செத்துப் போச்சி. முன்னால ஊதாக் கலர்ல பூத்துக் கெடந்தது அதுதான், நீ குடுத்ததுதான். எப்பிடிப் போச்சா? அவியளுக்குப் பதினாறாம் நாள் விசேசம் அன்னைக்கு எங்க மதினி, ராதாமணி, அவியளுக்கு அக்கா, மஞ்சத் தண்ணியக் கொடத்துல கரைச்சிக்கிட்டு வேப்பங்கொழையோட வந்தா. தீட்டுக் கழிக்கணும், எந்தம்பி கை பட்டது எல்லாத்துலயும் தெளிக்கணும்னு கட்டில்ல தெளிச்சா, பைக்குல தெளிச்சா. தம்பி கை அதிகமாப் பட்டது இதுலதானன்னு மிச்சம் இருந்ததத் தொட்டியில மடமடன்னு கவுத்திட்டா. மதினி, இது உசிரு இருக்க தண்ணி மதினின்னு நான் கத்துதேன். அவ என்ன சொன்னா தெரியுமா? புருசன் செத்ததுக்கு இந்தச் சத்தம் போடல, மீனுக்குப் போடுதியேன்னு. வந்தவன் போனவன் எல்லாம் என் மூஞ்சியப் பாக்கான். ரெண்டு நாள்ல பாதிக் கல்லு வெளுத்துப் போச்சி. மீனு ரெண்டுதான் பொழைச்சிது.

கடைசியில பழி யாரு மேலங்கே? என் மேலதான். மாமா கட்டில்ல உக்காந்துக்கிட்டு, என் வீட்டுல எம்மவன் வளத்ததக்கூட இவ காப்பாத்தலன்னு ஒப்பாரி வச்சாரு. மதினி தெளிச்சதச் சொன்னேன். எம்மவ அப்பிடிச் செய்ய மாட்டான்னுட்டாரு. அவருக்குத்தான் கண்ணு தெரியாதே, எதக் காட்டி நிரூபிக்க?

ஆமா, தெரியாது. சக்கர வியாதி. ஒரு கண்ணு போயி நாளாச்சி, இன்னொண்ணு போன வருசம் போச்சி. வெளிச்சங்கூடத் தெரியாது. ஆனா குச்சி புடிக்க மாட்டாரு. இந்த உச்சிமாகாளி குச்சி ஊணிப் பாத்தான்னு எவனும் சொல்லப்பிடாதாம். என் கையையும் புடிக்க மாட்டாரு. என் கை ராசி இல்லாத கையாம்.

தம்பி, தம்பி! மணலக் கலக்காத. அடியில கருப்பா இருக்கு பாரு, அது கலங்குனா மீனு ரெண்டும் போயிரும்லா. மேலோட்டமா அள்ளு. எங்க குடும்பமும் அப்பிடித்தான், மேல பாத்தா பளிச்சின்னு இருக்கும்.

ராசி என்ன ராசிங்கியா? அவிய எப்பிடிப் போனாவன்னு ஒனக்குத் தெரியும்லா. ஒங்கிட்டதான கடைசியாப் பேசிட்டு வந்தாவ. கடத்தண்ணி எடுத்துக்கிட்டு லோடு ஆட்டோவுல வரும்போது குறுக்குச்சாலை தாண்டி லாரிக்காரன் அடிச்சிட்டான். கேனெல்லாம் ஒடைஞ்சி, தண்ணி ரோட்டோரம் கரிசல் வெடிப்புக்குள்ள எறங்கிப் போச்சி. அந்த எடத்துல இப்பமும் புல்லு மொளைக்கல. நான் போயிப் பாத்துட்டு வந்தேன். மாமா என்னையப் பாத்துச் சொல்லுதாரு, நீதான் அன்னைக்குத் தண்ணி மாத்தணும்னு அவன அனுப்புனன்னு. அவிய ஒருத்தர் சொல்லிப் போற ஆளா? ஒனக்கே தெரியுமே, சொல்லு. ஆனா அந்த வார்த்தைய அவரு விடல. காலையில காபி குடுத்தா அந்த வார்த்த, ராத்திரி கால அமுக்கி விட்டா அந்த வார்த்த. அவரு கால் புண்ணுக்கு மருந்து போடுதவளப் பாத்து, எம்மவன முழுங்குனவன்னு சொல்லுவாரு, கேட்டுக்கிட்டுப் போடத்தான் செஞ்சேன்.

இப்ப சின்னத் தொட்டி எதுக்குன்னு நீ கேக்கவே இல்லியே. காரணம் இருக்கு. மதினி குடும்பத்தோட இங்கன வந்துருதாளாம். வெள்ளிக்கிழம வாரா. இந்தப் பெரிய தொட்டி நிக்க சுவத்துல அவளுக்கு சோபா வேணுமாம். நானும் அவியளும் இருந்த பெட்ரூம்ல அவ மவன். எனக்கா? பின்னால சாக்கும் பழைய ஒயரும் போட்டு வச்சிருக்க ரூம்பு இருக்குல்லா, அதுதான். ஜன்னல் கெடையாது. மீனுக்குச் சின்னத் தொட்டி, ஒனக்குச் சின்ன ரூம்பு, எல்லாம் ஒரு கணக்குதானன்னு மாமா சொல்லிச் சிரிச்சாரு தம்பி. நான் பாத்துக்கிட்டே நின்னேன். சிரிச்சாரு. வார திங்கக்கிழம பத்திர ஆபீசுக்குப் போயி வீட்டையும் கீழ இருக்க கடையையும் மவ பேருக்கு எழுதப் போறாரு. பெறவு அந்தச் சாக்கு ரூம்பும் எனக்கு எத்தன நாளைக்கு? பசுவந்தனையில எங்க அண்ணன் பொண்டாட்டி ஒரு வேளைச் சோத்துக்கே மூஞ்சியச் சுளிப்பா. நான் எங்க போவேன், சொல்லு? இந்த வீட்டுக்கு மேல்தளம் போட்டது அவிய கப்பல்ல கரியாக் கருத்துச் சம்பாரிச்சது. இதுல ஒரு செங்கலுகூட எனக்கு இல்லியாம்.

அந்த நீல மீனா? ஆமா, அது சில்லுண்டித்தனம் பண்ணும், மத்த மீனக் கடிக்கும். அந்தப் பட்ட போட்டது சாது. ரெண்டையும் சின்னதுல போட்டா ஒண்ண ஒண்ணு கொன்னுரும்ங்கியா? எடம் கொறைஞ்சா எதுதான் கடிக்காது. போடு, பாத்துக்கிடலாம்.

இரு, என்ன அது? புது மோட்டாரா? இத்தன சின்னத் தொட்டிக்கு இது போதும்ங்கியா? வேண்டாம், வேண்டாம். பழைய மோட்டாரையே மாட்டு. தண்ணி கலங்குனா கலங்கட்டும், கொஞ்சம் திருகிக் கொறைச்சி வை. ஆனா அந்தச் சத்தம் மாறக் கூடாது. அந்த உறுமலும், மேலருந்து கீழ விழுற தண்ணிச் சத்தமும் அப்பிடியே இருக்கணும். அது மாமாவோட உத்தரவு. தொட்டியச் சின்னதாக்கு, சோபாவுக்கு எடம் விடு, ஆனா எம்மவன் சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்னாரு. மவன் சத்தமாம்! சரின்னேன். அவரு சொல்லி நான் எதத் தட்டியிருக்கேன்? எங்கன வைக்கப் போறேன்னு மட்டும் அவரு கேக்கல. சின்னதுதானன்னு ரெண்டு தடவ கேட்டாரு, அம்புட்டுதான்.

ம், அப்பிடித்தான். இன்னும் கொஞ்சம் சுவத்துப் பக்கம் தள்ளு. வாசலுக்கும் தொட்டிக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்க எடம் போதும். இப்ப மோட்டாரப் போடு பாப்போம். ஆங். கேட்டியா? அச்சு அசல் அதே சத்தம். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா எதுத்த சுவத்துப் பெரிய தொட்டியே இங்கன வந்து நிக்கிற மாதிரி இருக்கு. கெட்டிக்காரன்தான் நீ.

மாமா எப்பிடி நடமாடுதாருன்னா கேக்கே? நல்லா நடப்பாரு, விறுவிறுன்னு நடப்பாரு. தூங்கி எந்திரிச்சதும் இந்தச் சத்தத்தப் புடிச்சிக்கிட்டு நேரா வருவாரு. தொட்டிக் கண்ணாடியில கைய வைப்பாரு, மவன் பேர, செண்பகராசுன்னு ஒரு தடவ சொல்லுவாரு, டக்குன்னு வலப்பக்கம் திரும்பிக் கால எடுத்து வைப்பாரு. பெரிய தொட்டிக்கு வலப்பக்கந்தான பாத்ரூம் வாசல் இருக்கு. சக்கரக்காரர்லா, எந்திரிச்சா அடக்க முடியாது, வேகமாத்தான் போவாரு. இத்தன நாள்ல ஒரு தடவகூடத் தப்புனது கெடையாது.

சரி, கெளம்பு, வெயில் தாழ்ந்துட்டு. காபி குடிச்சிட்டுப் போன்னு சொல்லியிருப்பேன், ஆனா நான் பால் வாங்கப் போகணும், நானும் ஒம் பின்னாலயே கீழ வாரேன். கதவா? சாத்த வேண்டாம் தம்பி, தெறந்தே கெடக்கட்டும், காத்து வரும். நீ கேனத் தூக்கிக்கிட்டு முன்னால போ. பாத்து எறங்கு, என்ன? செங்குத்துப் படி. ஒரு கைப்பிடிக் கம்பி போடுங்கன்னு எத்தனையோ தடவ சொன்னேன், மாமாதான் வெட்டிச் செலவுன்னுட்டாரு.