தொடக்க எண்

— இன்னா மேடம், இன்னுமா சீட்டு எடுக்கல? வெயிலு ஏறதுக்குள்ள மலை ஏறணும். ஜீப்ப தொடச்சி ரெடியா நிறுத்தி வச்சிருக்கேன்.

— எடுக்கல வெற்றிவேல் அண்ணே. உள்ள வந்து உக்காருங்க, ஒரு விஷயம் சொல்லணும்.

— உள்ளயா? இந்த ரூமுக்குள்ள நா காலே வச்சதில்ல. இப்படியே நின்னுக்கினு கேக்கறேன், சொல்லுங்க. எப்படியும் தும்பைப்பாறை தான வரப் போவுது?

— அதத்தான் சொல்ல வந்தேன். இனிமே அது வராது.

— வராதா?

— கேளுங்கண்ணே. மலையில இருக்கற மரவள்ளித் தோட்டத்து ஊரெல்லாம் நம்ம கணக்குல இருக்கு. மாசம் பொறந்தா நா ஒரு ஊர சீட்டு எடுக்கறேன், நீங்க போய் தேமல் நோய் புடிச்ச எலய பறிச்சிட்டு வர்றீங்க. நா வேலைக்குச் சேந்ததுல இருந்து அதே ஊரு தான் வருது. ஒரு வாட்டியாவது உங்களுக்கு சந்தேகம் வரலியா?

— எனக்கு ஏன் மேடம் சந்தேகம் வரும்? சந்தோசம் தான் வந்துச்சி.

— நேத்து எனக்கு ஒரு ஆச வந்துச்சி. சீட்டு எடுக்கறது கம்ப்யூட்டர்ல ஆர்-னு ஒரு புரோகிராமுல. புள்ளிவிவரக் கணக்கு போடறது. தொறந்த ஒடனே இங்கிலீசுல வளவளன்னு பேசும். அதுக்குப் பதிலா அஸ்ஸலாமு அலைக்கும் பிர்தௌஸ்னு என்னைக் கூப்பிட்டா எப்படி இருக்கும்னு தோணிச்சி. தொறக்கறப்ப என்னென்ன செய்யணும்னு சொல்லி வைக்க அதுல ஒரு ஃபைல் உண்டு.

— எழுந்ததும் பல்லு வெளக்கு, மூஞ்சி கழுவுன்னு எங்கம்மா சொல்ற மாதிரி.

— அதே தான். தொறந்து பாக்கறேன், யாரோ ஏற்கெனவே ஒரு வரி எழுதி வச்சிருக்காங்க. இந்த நம்பர்ல இருந்து ஆரம்பின்னு.

— அதனால இன்னா?

— மிஷினுக்கு சீட்டு குலுக்க கை ஏது? ஒரு நம்பர வச்சி கணக்கு போட்டுத்தான் குலுக்கும். நாம ஒண்ணும் சொல்லாம வுட்டா ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் எடுத்துக்கும். ஒரே நம்பர குடுத்துட்டா, தொறந்ததும் எடுக்கற மொதோ சீட்டு எப்பவும் ஒண்ணே தான்.

— ரெண்டாவதா ஒரு சீட்டு எடுத்திருந்தா?

— வேற ஊரு வந்திருக்கும். எங்க எடுத்தேன்? வூட்டுல ஏலச்சீட்டு குலுக்கறப்ப, வந்த சீட்ட உள்ள போட்டு மறுபடி எடுத்தா அத்தாவுக்கு அப்படிக் கோவம் வரும். அந்தப் பழக்கம். ஒண்ணு எடுப்பேன், பேரப் பாப்பேன், மூடிடுவேன். யா அல்லா, ஏன்ணே மூஞ்சி இப்படிப் போவுது?

— ஒண்ணுமில்ல மேடம்.

— சொல்லுங்க.

— அங்க மாயவன் தோட்டம் இருக்குதில்ல. அவரு பொண்ணு தேவதர்ஷினி. நா எல பறிக்கறப்ப கூட வரும்.

— ஓ!

— ஓன்னு சொல்லாதீங்க மேடம், வெக்கமா இருக்குது. காலைல அங்க பனி மெதுவா எறங்கி வந்து தோட்டத்துக்குள்ள உக்காந்துக்கும். பக்கத்துல நிக்கற ஆளு தெரியாது, பேச்சு மட்டும் வரும். அது பேசிக்கினே போவும், நா கேட்டுக்கினே போவேன். எந்தப் பக்கம் நடக்கறோம்னே தெரியாது. கீழ வந்தப்புறம் மணலூர்பேட்டை வெயில்ல நின்னுக்கினு இருக்கேன், காதுல மட்டும் அந்தப் பனி அப்படியே இருக்குது.

— காதுல பனியா? நல்லா முத்திப் போச்சு.

— மொதோ தடவை பாத்தப்பவே கேட்டுது மேடம், இன்னமும் ஜீப்ப இப்படித்தான் தேச்சித் தேச்சித் தொடைக்கிறீங்களான்னு. கனவுல என்னயப் பாத்த மாதிரி பேசுதேன்னு நெனச்சேன். அப்பால மாசாமாசம் அதே ஊரு. சாமியே அனுப்புதுன்னு நம்பிட்டேன். ரிஷிவந்தியம் கோயில்ல வேண்டிக்கினும் வந்தேன். இந்த வாட்டியும் தும்பைப்பாறை வந்தா வாயத் தொறந்து கேட்டுடறேன்னு. பாருங்க, சட்ட கூட புதுசு.

— அதான் காலைலயே பளபளன்னு வந்தீங்களா.

— இன்னிக்கி ஒரு நாளு மட்டும் அந்த வரிய வுட்டு வைங்களேன்.

— எப்படிண்ணே? மத்த ஊருல நோய் எப்படி இருக்குதுன்னே தெரியாம ஒக்காந்திருக்கோம். இத்தன நாளு தெரியாம செஞ்சேன். தெரிஞ்சப்புறம் எப்படி செய்ய? லீவு போட்டுட்டு நீங்களே போய்க் கேளுங்க.

— நானா போனா, நா மட்டும் ஆசப்பட்ட மாதிரி ஆயிடும் மேடம். அதுக்கு எனக்கு தைரியம் கெடையாது. யாரோ அனுப்பி வச்சாங்கன்னு இருந்தா தான் வாயி வரும். ஆமா, தும்பைப்பாறை தான் வரணும்னு யாரு வேணும்னே எழுதி வச்சாங்க?

— வேணும்னு இல்லண்ணே. அதுல ஊரு பேரே கெடையாது. பயிற்சிக்கு வர்ற காலேஜ் புள்ளைங்க பண்றது இது. இன்னிக்கு வந்த விடையே நாளைக்கும் வரணும்னு மனசுல இருக்கற நம்பர் ஒண்ண குடுத்து வைப்பாங்க. பொறந்த நாளு, வூட்டு நம்பரு, இப்படி. அதுக்கு எந்த ஊரு வரும்னு அவங்களுக்கே தெரியாது.

— அப்போ நம்பர் ஆளு குடுத்தது. ஊரு?

— ஊரு தானா வந்தது.

— உங்களுக்கு முன்னாடி இங்க உக்காந்திருந்தது யாரு மேடம்?

— நா பாத்ததில்ல. மலையில இருந்து ஒரு பொண்ணு பயிற்சிக்கு வந்துச்சாம், பின்பக்க கேட்டு வழியா வரும் போவுமாம். மேசைய ஜன்னலப் பாத்த மாதிரி திருப்பிப் போட்டது அது தான். அப்படி என்னத்த வேடிக்க பாத்துச்சோ, வெளிய இருக்கறது ஜீப் ஷெட்டு. எனக்கு வெயிலு கண்ணுல அடிக்குது, மூடியே வச்சிட்டேன்.

— அந்த நம்பரு இன்னா, படிங்க.

— நாலு, ஒண்ணு, ஏழு, ரெண்டு. ஏன்ணே உள்ளயே வந்துட்டீங்க?

— அழிச்சிடுங்க மேடம். சீட்டுல எந்த ஊரு வந்தாலும் அங்க போய் எல பறிச்சிக்கினு வந்துடறேன். நாளைக்கி லீவு குடுங்க, தும்பைப்பாறைக்கி நா பஸ்ஸுல போய்க்கிறேன்.

— இப்பத்தான தைரியம் இல்லன்னீங்க?

— அந்த ஜன்னலத் தொறங்க. நம்ம ஜீப்பு முன்னாடி இன்னா நம்பரு எழுதியிருக்குதுன்னு பாருங்க.