ரிலீவர் வரவில்லை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். பெனடிக்ட், கதவைச் சாத்து. நம் ரூம் கலையரசன் இன்று ஊருக்குப் போயிருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். அவனுடைய சித்தப்பா மகளுக்கு நடந்தது. அவன் இருந்தால் என் வாயைப் பொத்திவிடுவான்.

மணி மூன்று ஐம்பது. ஸ்ரீரங்கம், பஞ்சக்கரை ரோடு. கூட்டம், கடை, வண்டி எல்லாம் கோபுரத்துப் பக்கத்தோடு சரி. இந்தப் பக்கம் இருட்டு... கருவேல மரம்... அப்புறம் கொள்ளிடம். ஜூன் மாதம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். அந்த ரோட்டில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வெறுங்காலோடு நடந்துபோகிறாள். பெயர் தேவதர்ஷினி. தூக்கத்தில் நடக்கிற வியாதி எல்லாம் கிடையாது. நன்றாக விழித்துக்கொண்டுதான் போகிறாள். கரையேறி, மணலைப் பார்த்து நின்றாள். விடிகிறவரை நின்றாள். மறுநாளும் அதே நேரம், அதே இடம்.

ஏன் என்று கேட்டால், கப்பலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வீட்டில் இரண்டே பேர். தர்ஷினியும் அவள் அப்பா ரெங்கராஜும். அவள் ஆறாவது படிக்கும்போதே அம்மா போய்விட்டார். அப்பாவுக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலை. ஷிப்ட். அங்கே ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிப்டுக்கு வருகிற ஆள், அதாவது ரிலீவர், வந்து மெஷினை ஏற்றுக்கொள்ளும்வரை இந்த ஆள் நகரக்கூடாது. ரிலீவர் வராவிட்டால் இன்னும் எட்டு மணி நேரம் நிற்க வேண்டியதுதான். எத்தனையோ ராத்திரி அப்பாவிடமிருந்து போன் வரும். "ரிலீவர் வரலம்மா. கதவைத் தாப்பாப் போட்டுட்டுப் படுத்துக்க." அவள் படுக்கமாட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்திருப்பாள். தனியாக. எட்டு வருஷம் அப்படி.

போன கோடையில் அவள் கல்லூரியிலிருந்து ஒருத்தியைப் பாய்மரக் கப்பல் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவளைத்தான். மூன்று பாய்மரம் உள்ள பெரிய கப்பல். கொச்சியில் ஏறினால் பதினைந்து நாள் கடல். நாற்பது பிள்ளைகள். வடக்கத்திக்காரர்கள், மலையாளிகள், வங்காளிகள்... தமிழ் பேச ஒரு ஆள் இல்லை. ஒன்பது நாளாக அவள் காதில் ஒரு தமிழ் வார்த்தை விழவில்லை. அந்தத் தவிப்பு இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கப்பலிலும் ஷிப்ட்தான். நாலு மணி நேரத்துக்கு ஒரு காவல். முகப்பில் ஒருவர் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தவரை எழுப்பக் கூப்பிடக்கூடாது, மற்றவர்கள் தூக்கம் கெடும். காவல் மாறப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீழே போய், கால் கட்டை விரலைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.

பத்தாவது ராத்திரி. மூன்று ஐம்பது. அவள் கட்டை விரலை யாரோ தொட்டார்கள். ஈரக் கை. ஐஸ் போல இருந்தது...

எழுந்து மேலே போனாள். நிலா இல்லை. காற்றும் இல்லை. பாய்கள் துவண்டு தொங்குகின்றன. கயிறு மட்டும் கிரீச்... கிரீச்... என்று. முகப்பில் ஒரு பையன், கம்பியைப் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது. கிட்டப் போனால் நாள்பட்ட ஈரக் கயிற்றின் வாடை. அவன் திரும்பவில்லை. சொன்னான்.

"ரொம்ப நேரமா நிக்கிறேங்க. ரிலீவர் வரல."

தமிழ்!

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். அவள் அரளவே இல்லை. வினை அங்கேதான். தமிழைக் கேட்ட சந்தோஷம் ஒரு பக்கம். ரிலீவர் வரல என்ற வார்த்தை இன்னொரு பக்கம். அப்பா குரலே கேட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

"நீங்க போய்ப் படுங்க," என்றாள். "நான் பாத்துக்கறேன்."

அவன் பெரிதாக ஒரு மூச்சு விட்டான். அவளைத் தாண்டிப் போனான். சளக்... சளக்... சளக்... பாதி தளத்தில் சத்தம் நின்றுவிட்டது. படி இறங்கும் சத்தம் வரவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி ஓடிவந்தார். புயல் மழை வரும் என்று அன்று முகப்புக் காவலைப் பின்தளத்துக்கு மாற்றிவிட்டார்களாம். உன்னை யார் எழுப்பியது, இங்கே யாரும் நிற்கவில்லையே என்று சத்தம் போட்டு, அவளைக் கீழே கூட்டிப் போனார். கவனியுங்கள்... கூட்டிப்போனார், அவ்வளவுதான். அவளிடமிருந்து காவலை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே, மூன்று ஐம்பதுக்கு, ஈரக் கை. போகாமல் படுத்திருந்தால் தொட்டுக்கொண்டே இருக்கும். கரையில் போய் நின்றால்தான் விடும். காய்ந்த மணலைப் பார்த்து நிற்பாள். கயிறே இல்லாத இடத்தில் கிரீச்... கிரீச்...

நாலாம் நாள் அப்பா பின்னாலேயே வந்துவிட்டார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வேறொரு அப்பாவாக இருந்தால் தர்காவுக்கோ, கோயிலுக்கோ, டாக்டரிடமோ கூட்டிப் போயிருப்பார். இவர் முப்பத்தோரு வருஷம் ஷிப்ட் பார்த்தவர். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உன்னைய யாரு ரிலீவ் பண்ணா?"

"யாரும் பண்ணலப்பா."

அவர் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அப்பா, வேணாம்ப்பா... சொல்லாதீங்க!" என்று வாயைப் பொத்தப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போய்ப் படும்மா. நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அவளை யாரும் தொடவில்லை. அப்பாதான் போனார். மழையோ பனியோ, மூன்று ஐம்பதுக்குச் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும். எத்தனையோ தடவை அவள் பின்னால் போய், நான் திரும்ப ஏத்துக்கறேன் என்று கெஞ்சினாள். "உன் ஷிப்ட் முடிஞ்சுது. போம்மா" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

மார்கழியில் அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே, நெஞ்சு வலி. நல்ல சாவு என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். அன்று ராத்திரி, காலியான வீட்டில், மூன்று ஐம்பதுக்கு... வாசலில் செருப்புச் சத்தம்.

அவள் ஓடினாள். கரையில் யாரும் தெரியவில்லை. மணலில் இரண்டு காலடித் தடம் மட்டும், ஆற்றைப் பார்த்து. அதில் தண்ணீர் தேங்கி நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

"அப்பா, நீங்க போய்ப் படுங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

விடியப்போகும்போது, சரி என்று திரும்பினாள். முதுகுக்குப் பின்னால், காதோடு... "ரிலீவர் வரலம்மா. நீ போய்ப் படுத்துக்க."

சென்னையில் கிடைத்த வேலையை அவள் வேண்டாம் என்றுவிட்டாள். தினமும் போனாள். தினமும் காவலைத் திருப்பிக் கேட்டாள். அவர் தருவதாக இல்லை. அப்பாவை அங்கே தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவாள், நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் கலையரசன் அவளைப் பார்க்கப் போனான். பெரியப்பா மகன் ஆயிற்றே, தங்கச்சியைத் தனியாக அனுப்ப மனசு வருமா? அவனும் கரைக்குப் போனான். "அண்ணா, அங்க என்ன கேட்டாலும் வாயே திறக்காதீங்க" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்து என்னிடம் சத்தியம் செய்தான். "நான் ஒண்ணுமே சொல்லலடா." நான் கேட்கவே இல்லை, அவனாகத்தான் சொன்னான்.

மறுநாளே தர்ஷினி போன் செய்தாள். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தான். நானும் கேட்டேன். "அண்ணா... அப்பா போயிட்டாரு. நேத்து ராத்திரி செருப்புச் சத்தம் வரல. கரையில தடமும் இல்ல. நான் மட்டும்தான் நின்னேன்." அப்புறம், "நீங்க ஏதாவது சொன்னீங்களாண்ணா?"

கலையரசன் போனை வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து அவன் ஷூவைக் கழற்றாமல்தான் தூங்கினான். இதே ரூமில், அந்தக் கட்டிலில். நீங்கள்கூடக் கிண்டல் செய்தீர்களே... மாப்பிள்ளை பெண் பார்க்கப் போகிறான் என்று? கட்டை விரலை மூடிக்கொள்ளத்தான்.

இன்று விடியற்காலை என்னை எழுப்பாமலே கிளம்பிவிட்டான். ஊருக்குப் போகிறேன் என்று சீட்டு எழுதி வைத்திருந்தான். மீரான், உன் டார்ச்சைக் கட்டிலுக்கடியில் அடி. ஷூ இங்கேதான் இருக்கிறது.

கையை உள்ளே விடாதே. காலையிலிருந்து நானும் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்க்கிறேன். தண்ணீர் ஊறுவது நிற்கவில்லை.