மோட்டார் நின்றதற்குக் காரணம்

பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் லேப்டாப்போடு இருந்தவள் சொன்னாள்:

"அந்த ஃபைலை என்னைத் தவிர யாராலயும் திறக்க முடியாதுக்கா. ஆனா பெட்டிக்குள்ள நான் இல்லையே."

"புரியுற மாதிரி சொல்லு."

"உப்பளத்து மோட்டாரை ஓட்டுற பெட்டி. அதுக்குள்ள போடுற லினக்ஸ் சாஃப்ட்வேரைத் தயார் பண்ணப்ப, என் கம்ப்யூட்டர் ஃபைலை அப்படியே காப்பி பண்ணிட்டேன். ஃபைலைத் திறக்குற பர்மிஷனும் என் பேர்லயே பெட்டிக்குள்ள போயிடுச்சு. மோட்டார் புரோகிராம் வேற யூசர் பேர்ல ஓடுது. அதால ஃபைலைப் படிக்க முடியல, மோட்டார் நின்னுடுச்சு."

"மாத்திப் போட்டா முடிஞ்சுது. இதுக்கா அழுவுற?"

"பெட்டிய நோண்டிட்டாருன்னு அங்க மோட்டார் பாத்துக்குற மோட்டார்காரரை வேலைய விட்டு அனுப்பிட்டாங்கக்கா."

பக்கத்தில் இருந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சத்தமில்லாம சரி பண்ணிடுடி. சொன்னா உன் வேலையும் போயிடும்."

"தெரியும்."

ஜன்னலோரம் இருந்தவள் போனை எடுத்தாள். "ஐயா, உங்க உப்பளத்து மோட்டார் நின்னது என் தப்புங்க. மோட்டார்காரர் எதையும் தொடல."

அந்தப் பக்கம் நெடுநேரம் பேசினார்கள். தலையைக் குனிந்தே கேட்டாள்.

"திட்டுங்க ஐயா. அவர் நம்பர் மட்டும் குடுங்க, நானே பேசுறேன்."

அவள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் நம்பரை எழுதிக்கொண்டாள்.