ரோலண்டின் பக்கவாட்டு ஓட்டைகள்

காகிதத்தில் விழும் ஓட்டை வட்டமாக இருக்க வேண்டும். எங்கள் கிளப் ஆண்கள் வாழ்க்கையிடம் அதைவிடப் பெரிதாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வருவார்கள், கைத்துப்பாக்கியால் சுடுவார்கள், டார்கெட் தாளை என்னிடம் நீட்டிவிட்டுப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நடு வட்டத்துக்குப் பத்து, வெளி வளையம் போகப் போகக் குறைவு என்று நான் எண் போடுவேன். பதினாறு வருஷமாக அந்த நாற்காலி என்னுடையது.

ஓட்டைகளைப் பார்த்தே வீட்டு விஷயம் சொல்லிவிடுவேன். டெல்மர் பிராந்தியை விட்டது எந்த வாரம், திரும்பத் தொட்டது எந்த வாரம் என்று அவன் மனைவியைவிட எனக்கு முன்னாலேயே தெரியும். உங்கள் அப்பா சுட்ட காலத்தில் அவரைப் பற்றியும் தெரியும். அது இப்போது வேண்டாம், நீங்கள் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

ரோலண்ட் என் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எதன் மேலும் பென்சிலால் பெயர் எழுதி ஒட்டுகிற ஜாதி. கராஜில் துடைப்பம் மாட்டுகிற ஆணிக்கு மேல் 'துடைப்பம்' என்று எழுதியிருக்கும். இர்மாவின் நெற்றியில் 'மனைவி' என்று எழுதி ஒட்டவில்லையே என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு.

போன அக்டோபரில் அவர் தாளில் ஓர் ஓட்டைக்கு எட்டு போட்டேன். மேஜை மேல் குனிந்தார்.

"ஆர்டிஸ், ஓட்டை கோட்டைத் தொட்டா உள் வளையத்து எண்ணு. இது ஒன்பது. கண்ணாடிய ஒருதரம் மாத்திப் பாருங்களேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். சுற்றி நின்ற பதினொரு பேரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில், எண் போட இரண்டு பேர் இருந்தால் நல்லது என்று எழுதிக் கொடுத்தார். ஏப்ரலில் ஓட்டெடுப்பு என்று முடிவானது.

எங்கள் பக்கத்தில் கடைத் தோட்டாவால் சுடுகிறவனை ஆளாகவே மதிப்பதில்லை. ஈயக் குண்டையும் வெடிமருந்தையும் வைத்துத் தாங்களே கராஜில் அடைத்துக்கொள்வார்கள். ஒருவர் அடைத்த தோட்டாவை இன்னொருவர் அளக்கக் கேட்பது, விருந்துக்குப் போன வீட்டில் தட்டைத் துடைத்துவிட்டு உட்காருவது மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள்.

பிப்ரவரியில் ரோலண்டும் இர்மாவும் மகளைப் பார்க்க டலூத் போனார்கள். பூனைக்குச் சோறு வைக்க எனக்குச் சாவி கொடுத்தார்கள். கராஜ் மேஜையில் குண்டுப் பெட்டி இருந்தது. மேலே அவர் கையெழுத்தில் விட்டமும் 'அளந்தது, சரி' என்பதும் தேதியும். என் வீட்டுக்காரர் ஓரின் செத்துப்போனபோது ஒரு காபி டப்பா நிறைய ஈயக் குண்டு விட்டுப் போனார். அவருடைய வேறு துப்பாக்கிக்கு வார்த்தது. பார்வைக்கு அப்படியே இருக்கும், ஒரு தலைமுடி அளவுக்கு மெலிவு. அதைப் பெட்டிக்குள் மாற்றி வைத்தேன். பூனைக்கும் வேளை தவறாமல் சோறு வைத்தேன்.

மெலிந்த குண்டு, குழலுக்குள் அதைச் சுழற்றிவிட வெட்டியிருக்கிற வரிகளைப் பிடிக்காது. சுழலாமல் தள்ளாடிப் போய்ப் பக்கவாட்டில் விழும். தாளில் சாவித்துவாரம் மாதிரி நீள ஓட்டை. மார்ச் முதல் வியாழன் ரோலண்டின் தாளில் அப்படி ஏழு. எங்கள் வழக்கப்படி அதைக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினோம். அவரவர் காரணத்தைக் கீழே எழுத வேண்டும்.

"யோவ் வாத்தியாரே, உம்ம குண்டு தூங்கிக்கிட்டே போகுதுய்யா. படுத்த வாக்குலயே கிழிச்சிருக்கு பாரு" என்றான் டெல்மர்.

"குழல் தேஞ்சிருக்கும்" என்றார் கஸ்.

"உங்க மூளை தேஞ்சிருக்கும். தோட்டா வாயை இறுக்கமா மடிச்சிருக்காரு, அதான்" என்றார் இன்னொருவர்.

"எம் பொண்டாட்டி வீசுற ரொட்டிக்கட்டைகூட நேரா வந்து விழும்பா."

ரோலண்டும் சிரித்தார். "ஒவ்வொண்ணா பாத்துடுறேன்" என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று வாரம் ஒவ்வொரு காரணமாகச் சோதித்துக் கோடு போட்டு அடித்துக்கொண்டு வந்தார். குழலைத் தேய்த்துக் கழுவினார், மடிப்பைத் தளர்த்தினார், கைப்பிடியை மாற்றினார். ஓட்டை நீளமாகவே விழுந்தது. இவ்வளவு படித்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வாரம் ஆப்பிள் பை கொண்டுபோனேன். கராஜில் உட்கார்ந்திருந்தார், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"நீங்க பாக்காத தாள் இல்ல ஆர்டிஸ். உங்களுக்கு என்ன தோணுது?"

கேட்டுக்கொண்டே விட்டம் அளக்கிற வெர்னியரை எடுத்தார். பெட்டியிலிருந்து ஒரு குண்டையும் எடுத்தார்.

"அது நீங்களே அளந்து எழுதினதுதானே" என்றேன். "உங்க எழுத்தையே நீங்க நம்பலைன்னா அப்புறம் என் கண்ணாடிய எப்படிக் குத்தம் சொல்றது?"

கொஞ்சம் வெட்கப்பட்டார். வெர்னியரைக் கீழே வைத்தார்.

"வேகம் பத்தலையோ என்னவோ. ஓரின் இருந்தா மருந்தக் கூட்டியிருப்பாரு" என்றேன். ஓரின் கூட்டியிருக்க மாட்டார். அளவு பொருந்தாத குண்டு குழலுக்குள் ஈயத்தை அப்பிக்கொண்டே போகும், அடைத்த குழலில் மருந்தைக் கூட்டுகிறவன் முட்டாள் என்று சாப்பாட்டு மேஜையில் நூறு தரம் சொன்னவர் அவர். நான் காதில் வாங்காமல் இல்லை.

ரோலண்ட் கூட்டினார். நோட்டில் எழுதியும் வைத்தார்: 'ஆர்டிஸின் யோசனை.' அந்தப் பக்கம் உங்கள் மேஜையில் இருக்கிறது. பெட்டியின் மேல் எழுதியிருப்பது ஓர் அளவு, உள்ளே இருப்பது வேறு அளவு என்று நீங்களே அளந்துவிட்டீர்கள். வெளியாளுக்குத்தான் அளக்கத் தோன்றும்.

அந்த வியாழக்கிழமை நான்கு தரம் சுட்டார். ஐந்தாவதில் துப்பாக்கி பிளந்தது. வலது கண்ணும் மூன்று விரல்களும் போயின. டெல்மர் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான். கஸ் மூலையில் போய் வாந்தி எடுத்தார், இத்தனை வருஷம் மான் அடிக்கிறவர். இர்மாவுக்குப் போன் செய்தது நான்தான். எண்ணைத் தேடாமலே அழுத்தினேன்.

விரோதம் என்று எழுதாதீர்கள். அவரை ஒரு நாள் எல்லாரும் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். வெர்னியரை அவர் கையில் எடுத்தபோதே அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்கும். அளந்திருந்தால் தன் பெட்டியைத் தானே சரியாகப் பார்க்காத வாத்தியார் என்று ஊரே சிரித்திருக்கும். அது போதாது என்று ஏன் தோன்றியது என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிறவளிடம் இப்படியெல்லாம் கேட்பதில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு அவர் தாளைக் கழற்றிக்கொண்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் எண் போடாத தாளை நான் விட்டதில்லை. நான்கு நீள ஓட்டைகள். நான்காவது, ஒன்பதின் கோட்டைத் தொட்டிருந்தது. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

எட்டு போட்டேன்.