கீழத்தெருவுக்கு வந்த கொயினா

மனித குலத்தின் கண்ணீரைத் துடைக்க விஞ்ஞானத்தை விட்டால் வேறு கை கிடையாது. பூந்தமல்லியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த விஞ்ஞானம் ஓர் அலமாரிக்குள் இருந்தது. சாவி தொலைந்துபோனதால் பின்பலகையைப் பெயர்த்துத்தான் வெளியே எடுப்போம். அந்த அலமாரிக்குப் பொறுப்பான சயன்ஸ் வாத்தியார் கோதண்டம் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

யுத்தத்தால் மலேரியா மருந்தான கொயினா கடைகளில் கிடைக்காமல் போன வருஷம் அது. ஒரு ஜமீன்தார் பெயரால் நடந்த நிதி, ஹைஸ்கூல் மாணவர்களுக்கு ஆராய்ச்சிப் போட்டி அறிவித்தது. ஜெயிப்பவனுக்குப் பட்டணத்துக் காலேஜில் படிக்க உபகாரச் சம்பளம். என் மாணவன் நஜீருக்கு அதை விட்டால் மேற்படிப்பு இல்லை. தாய் தகப்பன் இல்லாதவன். அக்கா அஷ்ரஃபுன்னிசா தொப்பி தைத்து வளர்த்தாள். மழைக்காலத்தில் முன்கூட்டியே கொயினா சாப்பிட்டால் மலேரியா வராமல் இருக்குமா என்று பார்ப்பது அவன் யோசனை. நிதிக்காரர்கள் இரண்டு தெருவுக்குப் போதுமான கொயினா அனுப்பினார்கள்.

எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்றான் பையன். அது தர்மம், ஆராய்ச்சி அல்ல. சாப்பிடாதவர்கள் ஒரு பக்கம் இருந்தால்தானே சாப்பிட்டவர்களின் லாபம் தெரியும்? இதை அவனிடம் சொல்லவில்லை. அவன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மேலத்தெருவுக்குக் கொயினா. கீழத்தெருவுக்கு, அரிசிமாவில், கொயினாவின் கசப்பு வரப் பாகல் இலைச் சாறு விட்டுப் பிசைந்து நானே உருட்டிய மாத்திரை. கீழத்தெரு அவன் தெரு. வீட்டுக்கு வீடு தெரிந்தவன், விவரம் தப்பாது என்றுதான் அதைத் தேர்ந்தேன்.

இரண்டு தெருவிலும் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அக்கா கேலி செய்ததை என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தான்.

"உங்க சார் மருந்து நம்ம ஊட்டு பாகக்கா கொழம்பு மாரியே கீதுடா. அவுரு ஊட்ல ஆக்குனதா?"

நாக்கு கூர்மையான பெண். பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கலாம்.

ஐப்பசியில் அவள் படுத்தாள். நஜீர் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"வேளா வேளைக்கு என் கையாலயே குடுத்துகினு கீறேன் சார். காய்ச்சல் எறங்கவே இல்ல."

"விடாம குடுப்பா," என்றேன். நடுவில் மாற்றினால் முடிவு கெட்டுவிடும்.

கீழத்தெருவில் அவளோடு சேர்த்து நாலு பேர் போனார்கள். மேலத்தெருவில் ஒருவரும் இல்லை. இவ்வளவு தெளிவான முடிவு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் வாய்த்திருக்காது. அவளை அடக்கம் செய்த அன்று நானும் அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பரிசளிப்பு விழாவில், தலைமை வகித்த ரிட்டயர்ட் ஜட்ஜ், மாலையின் கனத்தில் குனிந்தபடியே, நான் எழுதிக்கொடுத்த சுருக்கத்தை வாசித்தார். கொயினா பெற்ற தெருவில் சாவு இல்லை, வெறும் மாவு மாத்திரை பெற்ற தெருவில் நாலு. சபை கைதட்டிற்று. மெடலுக்காக மேடையில் நின்றிருந்த நஜீர் அப்போதுதான் அதைக் கேட்டான்.

"அப்போ எங்க அக்காவுக்கு நான் இன்னா சார் குடுத்தேன்?"

கைதட்டல் ஓயவில்லை. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். மெடலை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினான். நேரே உங்களிடம் வந்திருக்கிறான்.

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. உபகாரச் சம்பளம் வேண்டாமென்றானே, அதுதான் மனசை அறுக்கிறது. எல்லாம் அவனுக்காகத்தானே செய்தேன்.

கீழத்தெருவுக்கு வந்த கொயினா எங்கே என்று கேட்கிறீர்கள். அதை மழைக்காலம் முழுக்க என் வீட்டில் சாப்பிட்டோம். எனக்குக் கசப்பு ஆகாது. வெல்லத்தில் பொதிந்து விழுங்கினேன்.